பட்டினி வயலில் ஆட்டுக்கிடை

வர்தா புயல் அடித்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் ரயில் பாதை ஓரத்து மரங்களெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுத் தகர ஷீட்டைத் தேடிப் போனால், அது பின்தெருவில் ஒருத்தர் கிணற்றுக்குள் நிற்கிறது. நான் சொல்லப்போகிற சமாசாரம் அதற்கு அடுத்த கோடையில் நடந்தது. அந்தப் புயலில்தான் எங்கள் பண்ணை வேலி சாய்ந்தது. வேலி சாய்ந்த இடத்தில்தான் ஆடு வந்தது.

இதைக் கேட்டது ஜெயந்தி. நான் இருந்த கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர். போன வாரம் வீட்டுக்கு வந்து, "மாணிக்கண்ணா, பள்ளிப்பட்டு பக்கம் புதுசா வயலு எடுத்துக்கீறாங்க. நான்தான் பாத்துக்கப் போறேன். பழைய ஆளுங்க இன்னாமோ ஆட்டுக் கதன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்களே, அது இன்னா?" என்றாள். சிரிக்கிற கதைதான். ஆனால் நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசியதை அவள்தான் நேராக்கி எழுதுகிறாள்.

சின்ன வயதில் ஊரார் வயலில் சேறு மிதித்தேன். அப்புறம் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில். சிவக்கச் சிவக்க வருகிற கம்பியை இடுக்கியில் பிடித்து அடுத்த உருளைக்குக் கொடுக்கிற வேலை. மில்லை மூடினார்கள். சும்மா இருந்தபோது, விதைக் கம்பெனி ஒன்று ஆராய்ச்சிப் பண்ணை போடுகிறது, சேற்றில் இறங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

பண்ணைக்குத் தலைவி டாக்டரம்மா. பேர் வசுமதி. டாக்டர் என்றதும் அக்கம்பக்கத்து ஊரிலிருந்து முழங்கால் வலி, மூலம், குழந்தைக்குச் சளி என்று கேட்டில் வந்து நிற்பார்கள். "நான் நெல்லு டாக்டர்ங்க" என்பார் அந்தம்மா. ஒரு கிழவி விடவில்லை. "நெல்லப் பாக்கறவளுக்கு அத்தத் துன்றவளப் பாக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே மூட்டை இறக்கி உட்கார்ந்தாள். அம்மா தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்தம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். "ஏங்க மாணிக்கம், இந்த வாய்க்கால நீங்கதான் தொறந்தீங்களாங்க?" என்றால் முடிந்தது கதை, அன்று முழுக்க சோறு இறங்காது. வயலில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். சட்டைப் பையில் புளியங்கொட்டை வைத்திருப்பார். ஒரு பாத்தி பார்த்து முடித்ததும் ஒரு கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவார். அப்போதுதான் எண்ணிக்கை தப்பாதாம். நாங்கள் தூரத்தில் நின்று, கொட்டை மாறுகிற வேகத்தை வைத்து அன்றைக்கு அம்மா மனசு எப்படி என்று சொல்லிவிடுவோம்.

அங்கே நட்டது சாதாரண நெல் இல்லை. இலைக்குள்ளே எதையோ திருத்திய நெல் என்று மட்டும் தெரியும். அதனால் உள்ளே போக, வர, ஆயிரம் விதி. வயல் செருப்பு வேறு, வெளிச் செருப்பு வேறு. வெளியே வரும்போது காலைக் கழுவி, நகக்கண்ணைத் தேய்த்து, தலைத்துண்டை உதறிக் காட்ட வேண்டும். வைக்கோல் ஒரு கீற்று கேட்டைத் தாண்டக் கூடாது. அறுத்து அளந்தபின் விதைக்கு வேண்டியதைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டு, மிச்ச நெல்லை வைக்கோலோடு குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும். நெல்லைக் கொளுத்துகிற அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் சாப்பிட மாட்டோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, அது தானாக அப்படி ஆகிவிட்டது.

லுங்கியை மடித்துக் கட்டவும் கூடாது. மடிப்பில் நெல் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுமாம். "மடிச்சிக் கட்டாம எப்டிமா சேத்துல எறங்கறது?" என்று கேட்டவர் ஏழுமலை. அதற்கு அம்மா எல்லாருக்கும் நீல அரை நிக்கர் தைத்துக் கொடுத்தார். பேரன் எடுத்த ஆட்களெல்லாம் நிக்கர் போட்டு வரப்பில் வரிசையாகப் போனால் எப்படி இருக்கும்? பக்கத்து வயல்காரர் நாயுடு, "இன்னாபா, இஸ்கூலு வுட்டாச்சா?" என்று தினமும் கேட்பார்.

ஏழுமலை எங்கள் வாட்ச்மேன். எனக்கு ரெண்டு வயது மூத்தவர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வைத்திருந்து, அது தொழிற்பேட்டைக்குப் போனபின் அதே மண்ணில் கட்டின கம்பெனியில் செக்யூரிட்டியாக நின்றவர். பண்ணைக்கு வந்ததும், "சுவத்தக் காத்துக்கினு இருந்தேன், இப்ப பயிரக் காக்கறேன். சம்பளம் கம்மி, தூக்கம் நல்லா வர்து" என்பார்.

இப்போது பட்டினி வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணையில் கிழக்கோரம் ஒரு பெரிய துண்டு. அதற்கு யூரியா கிடையாது, எரு கிடையாது, தழை கிடையாது. நெல் நடுவோம், அறுப்போம், தாளைக்கூட வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு போவோம். மறுபடி நடுவோம். மண்ணில் இருக்கிற சத்தை உறிஞ்சி உறிஞ்சி வெளியே எடுக்கிற வேலை. ஒவ்வொரு போகத்துக்கும் பயிர் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் காமாலைக்காரன் கண் மாதிரி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நடப்பது சேற்றில் பிறந்தவனுக்கு எவ்வளவு பேஜாரு என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னமோ. வீட்டில் பிள்ளை பசித்து நிற்கிறது, அரிசிப் பானை பக்கத்திலேயே இருக்கிறது, தொடாதே என்றால் எப்படி?

ஏன் தொடக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே பேச்சு போகக்கூடாது, கூலி ஆளிடம் விவரம் வேண்டாம் என்பது மேலிடத்து உத்தரவு. மேனேஜர் பாஸ்கர் சார் சொன்னது ஒரே வார்த்தை: "யூரியா போடாதீங்க."

நாயுடுவுக்கு அது அல்வா. "ஏம்பா ஏழுமல, இம்மாம் பெரிய கம்பெனி, ஒரு மூட்ட யூரியாவுக்கு டப்பு இல்லியா? சொல்லு, எங்கூட்லருந்து அனுப்பறேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார். ஏழுமலை நிக்கரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆனால் அது அவருக்குள் எங்கேயோ போய்க் குத்தியிருக்கிறது.

புயலுக்கு அடுத்த ஆடியில், அத்தனை நாள் பட்டினி போட்ட அந்த வயலில் பெரிய சோதனை நட்டார்கள். மாற்றிய நெல் சில வகை, பக்கத்திலேயே மாற்றாத சாதா நெல். வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு முழு யூரியா, ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. ரெண்டே போகத்துக்குத்தான் அனுமதி என்றும், அதற்குள் ஏதாவது காட்டாவிட்டால் இந்த நெல்லையே மூடிவிடுவார்கள், அம்மா அத்தனை வருஷம் பார்த்த வேலையும் விதையும் குழியில் போகும் என்றும் காற்றுவாக்கில் காதில் விழுந்தது.

புரட்டாசியில் பார்த்தால், ஒன்றுமே போடாத பட்டை கருகருவென்று நிற்கிறது. இலை கத்தி மாதிரி. பாஸ்கர் சார் குதித்தார். "மேடம், யூரியா போடாமலே இப்படின்னா நாம ஜெயிச்சுட்டோம்!" என்று போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இலையைக் கவ்விப் பிடித்துப் பச்சையை அளக்கிற கிளிப்பு மாதிரி ஒரு மிஷின் உண்டு. மாற்றிய நெல்லில் வைத்தார், பார்த்தார். பக்கத்தில் சாதா நெல்லில் வைத்தார். கை பைக்குப் போனது, கொட்டையை எடுத்தது, மறுபடி அதே பையில் போட்டது. அதற்கு முன்னால் அப்படி நான் பார்த்ததே இல்லை.

"சாதா நெல்லும் அதே பச்சைங்க, மாணிக்கம்" என்றார். குரல் தரையில் கிடந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாரைக் கூப்பிட்டு அம்மா சொன்னபோதுதான் விளங்கியது. நெல்லின் கெட்டிக்காரத்தனம் இல்லை. மண்ணுக்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள்.

சார் நேராக என்னைப் பார்த்தார். யூரியா கிடங்குச் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். "யார் போட்டது? இப்பவே சொல்லிட்டா நல்லது" என்றார். மூட்டையெல்லாம் எடை போட்டார்கள், குறையவில்லை. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஒவ்வொருத்தரும் இல்லை என்றோம். ஏழுமலை ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அம்மன் மேல ஆண யூரியா போடல சார். அந்த மூட்டையக் கூடத் தொட்டதில்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. பொய் இல்லைதான்.

"கேமரா வைக்கணும். எல்லாத்தையும் மாத்தணும். சாவி வெச்சிருக்கறவர்லேர்ந்து ஆரம்பிக்கறேன்" என்றார் சார்.

அம்மா அவரைக் கையமர்த்தினார். கொஞ்ச நேரம் வயலையே பார்த்தார். பச்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நடுவில் வட்டம் வட்டமாகக் கறுத்து, ஓரத்தில் தணிந்திருந்தது. திரும்பிக் கேட்டார். "யார் போட்டாங்கன்னு கேக்கல. கோடையில இந்த வயல்ல என்னென்ன நடந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

ஏழுமலை முகம் மலர்ந்தது. "ஓ, அத்தக் கேக்கறீங்களா! கெட போட்டம்மா!"

"என்னது?"

"ஆட்டுக்கெட. ஆந்திராப் பக்கத்திலருந்து மந்த வந்துச்சு. வேலி சாஞ்ச எடத்துல வந்து, நைனா தண்ணி கெடைக்குமான்னு கேட்டான். போர் மோட்டாரப் போட்டு வுட்டேன். அதுக்குப் பதிலா நம்ம வயல்ல ஒரு வாரம் பட்டி மடக்குன்னேன். அவன் நம்மகிட்ட ஒரு பைசா கேக்கல. நாயுடு காசு குடுத்துக் கூப்புட்டும் போவல, நம்ம வயலுக்குத்தான் போட்டான்!" என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். பாராட்டு வரும் என்று பார்த்தார்.

அந்த வாரம் நான் மீஞ்சூரில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வரும்போது உழவே முடிந்திருந்தது. ஒரு புழுக்கை கண்ணில் படவில்லை.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மந்தையை வட்டமாகப் பட்டியில் அடைத்து, ராவுக்கு ஒரு இடமாகத் தங்க வைப்பார்கள், அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதற்கு மேல் எரு கிடையாது. மந்தைக்காரனைப் பிடிக்க ஊரே போட்டி போடும். ஏழுமலை செய்தது திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. விவசாயம் தெரிந்த ஒருத்தன் பிடித்தமானவருக்குச் செய்கிற மரியாதை.

"யோவ், என்ன பண்ணி வெச்சிருக்க தெரியுமா!" என்று சார் கத்தினார். ஏழுமலை நிக்கரை இழுத்துவிட்டுக்கொண்டார். "யூரியாதானே வேணான்னீங்க சார்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பதில் இல்லாதவருக்குத்தான் கோபம் அதிகம் வரும். அன்றைக்கே ஏழுமலையின் கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார், தாழ்ந்த குரலில்தான், ஆனால் நாங்கள் பக்கத்தில்தானே நிற்கிறோம். "மேடம், சாதா நெல் வரிசைல பூச்சி விழுந்துடுச்சுன்னு அதை விட்டுடலாம். மாத்தின நெல் நம்பர் மட்டும் போதும். யாருக்குத் தெரியப்போகுது? இருக்கறது ரெண்டு போகம்."

டாக்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "பாஸ்கர் சார், ஏழுமலையை அனுப்பறதுன்னா என்னையும் அனுப்பணுங்க. ஏன்னு சொல்லாம வேலை வாங்கினது நான். நம்பரைப் பொறுத்தவரைக்கும், இது ஆட்டோட நம்பர். நெல்லோடது இல்ல." அன்று மாலையே மேலிடத்துக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். ஒரு போகம் போனது போனதுதான், கணக்கில் ஒன்றுதான் மிச்சம் என்றார்களாம்.

மறுநாள் எல்லாரையும் களத்தில் உட்கார வைத்தார். டீ வந்தது. என்னைப் பார்த்து, "மாணிக்கம், நீங்க மில்லுல என்ன வேலை பாத்தீங்க?" என்றார். கம்பி பிடித்ததைச் சொன்னேன்.

"ஒவ்வொரு எலைக்குள்ளயும் அப்படி இடுக்கி பிடிச்ச ஆளுங்க இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. நொதின்னு பேரு. காத்துல இருந்து கரியைப் பிடிச்சு உள்ள குடுக்கணும். வெயில்ல அதை வெச்சுத்தான் பயிர் சோறாக்குது. ஆனா அந்த ஆளு ரொம்ப மந்தம். அதோட, நாலு தடவைக்கு ஒரு தடவை தப்பான கம்பியைப் பிடிச்சுடுவான்."

"அந்த மாதிரி ஆளு எங்க மில்லுலயும் இருந்தாம்மா" என்றேன். "மேஸ்திரி மச்சான். அவனக் கேக்கவும் முடியாது."

களமே சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

"மந்தமான ஆளுன்னா மேஸ்திரி என்ன பண்ணுவாரு?"

"கூட நாலு பேரப் போடுவாரு."

"பயிரும் அதைத்தான் பண்ணுது. எலை பூரா அந்த ஆளுங்களா நெரப்புது. அவங்களுக்குக் குடுக்கற கூலிதான் நீங்க போடற யூரியாவில பெரிய பங்கு. நாங்க அந்த ஆளோட கையைக் கொஞ்சம் திருத்திப் பாக்கறோம். கை நல்லா ஓடினா கம்மி ஆளு போதும், கம்மி யூரியா போதும்."

 பின்னால் உட்கார்ந்திருந்த ஏழுமலை கேட்டார். "அப்ப வயல ஏம்மா பட்டினி போட்டீங்க?"

"வயிறு நெறஞ்சவங்கள்ல யாரு பசி தாங்குவாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, ஏழுமலை?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் எல்லாத்துக்கும் பந்தி போட்டுட்டேனே" என்றார். "இத்த மின்னாடியே சொல்லியிருந்தா, ஒரு குருவிய வுட்டிருக்க மாட்டேனே தாயி."

"ஆமாங்க. சொல்லியிருக்கணும்" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

அந்தப் பயிரைக் கதிர் வருவதற்கு முன்னாலேயே பிடுங்கினோம். விளைய விட்டால் நெல் உதிர்ந்து வயல் கெடும், பயனும் இல்லை. நான் எத்தனையோ வயலில் களை பிடுங்கியிருக்கிறேன். அப்படிக் கருத்துச் செழித்த பயிரைப் பிடுங்கியது அந்த ஒரு தடவைதான். ஏழுமலைக்கு அது வேலை இல்லை, அவர் வாட்ச்மேன். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து நிக்கரோடு இறங்கினார். அவர் போட்ட வட்டமெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த இடத்தையெல்லாம் அவரே பிடுங்கினார். பக்கத்து வயலில் நாயுடுகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் மண்ணில் ஆடு போட்டதை வெளியே எடுக்க வேண்டுமே. அம்மா தை பிறந்ததும் தீவனச் சோளம் நெருக்கமாக விதைக்கச் சொன்னார். சோளம் பேராசை பிடித்த பயிர், எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ரெண்டு தடவை விதைத்து, ரெண்டு தடவை வேரோடு எடுத்தோம். அது சாதாச் சோளம்தான், வெளியே போகலாம் என்று அம்மாவே பார்த்து அனுமதி கொடுத்தார். எங்கே கொட்டுவது என்று கேட்டபோது ஏழுமலை தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த மந்தக்காரன் மறுபடி வந்துக்கீறான் மா. கேட்டுக்கு வெளியதான் நிக்க வெச்சிக்கீறேன். ஆடு போட்டத்த ஆடே துன்னுட்டுப் போவட்டுமே."

அம்மா சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த ஆடியில் நட்டோம். கடைசிப் போகம். ஏழுமலை மாதிரி ஒரு காவல் நான் பார்த்ததில்லை. கொக்கு உட்கார்ந்தால் எச்சம் போடும் என்று தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பெல்லாம் ஓடுவார். நாயுடு தன் வயலுக்கு யூரியா வீசுகிற அன்றைக்கு வேலியோரம் சாக்குப் படுதா கட்டினார். "இன்னாபா, என் யூரியா காத்துல பறந்து வந்தா கூட ஆவாதா?" என்றார் நாயுடு. "ஆவாது நாயுடு. இது விரதம் இருக்கற வயலு. நீ துன்றத்த மறைச்சித் துன்னு" என்றார் ஏழுமலை.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. ஒரு நாள் காலை நாஷ்டாவுக்கு உட்காரும்போது கிழக்கோரத்திலிருந்து ஏழுமலை கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா! மஞ்சளாயிடுச்சும்மா! நல்லா மஞ்சளாயிடுச்சு!" பயிர் மஞ்சளானதற்கு ஒரு விவசாயி சந்தோஷப்பட்டு ஓடி வந்ததை ஊரில் சொன்னால் நம்புவார்களா? டாக்டரம்மா பாதி இட்லியோடு எழுந்து போனார். கொட்டை இடதிலிருந்து வலதுக்கு மாறியது. மறுபடி மாறியது. சாதா நெல் வெளுத்திருந்தது. மாற்றிய வகைகளிலும் பல அப்படியே வெளுத்திருந்தன. ஒரே ஒரு வகை, ஓரத்திலிருந்து ரெண்டாவது, கொஞ்சம் பச்சையாக நின்றது. கருகருவென்று இல்லை. பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரிகிற பச்சை.

அறுத்து எடை போட்டபோதும் அப்படித்தான், சாதா நெல்லைவிடக் கொஞ்சம் கூட. பாஸ்கர் சார், "இவ்ளோதானா மேடம்?" என்றார். "இவ்வளவுதாங்க. ஆனா இது நெல்லோடது" என்றார் அம்மா. அந்த ஒரு வகை விதை பூட்டிய பெட்டியில் போனது. மிச்சத்தைக் கொளுத்தினோம். அன்றைக்கும் பாதிப் பேர் சாப்பிடவில்லை, அதில் அம்மாவும் ஒருத்தர். அந்த நெல் இன்னும் யார் வயலுக்கும் வரவில்லை. வருமோ, இன்னும் எத்தனை பேர் திருத்த வேண்டுமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதிலிருந்து வந்ததைத்தான் பள்ளிப்பட்டில் நடப்போகிறார்கள் என்று ஜெயந்தி சொல்கிறாள்.

அதனால் ஜெயந்தி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிப்பட்டில் கேட்டில் நிற்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் பயிர் தெரிந்திருக்கும், அவர் கண்ணிலும் அந்த மஞ்சள் குத்தும், அவரையும் பக்கத்து வயல்காரன் கேலி பேசுவான். ஆந்திரா பக்கத்திலிருந்து மந்தை அந்த வழியாகத்தான் இறங்கும், தண்ணீர் கேட்டு நிற்கும். நீ அவர் கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடு. எதைப் போடக்கூடாது என்பதோடு நிறுத்திவிடாமல், அந்த வயல் எதற்காகப் பசித்திருக்கிறது என்று சொல். இடுக்கி பிடித்த மந்த ஆள் கதையையும் சொல், சிரிப்பார். திருவள்ளூர் ரோட்டில், அவரைப் போலவே கேட்டில் நின்ற ஏழுமலை என்று ஒருத்தர் இருக்கிறார், அவர் சொல்லச் சொன்னார் என்று சொல்லு.